ஹெல்மெட், பெல்ட் எல்லாம் வாங்கிக் கொடுத்தும் கட்டுமான வேலையில் ஆட்கள் அடிபடுகிறார்கள். அலட்சியம்தானே காரணம்? எப்படித் தடுப்பது?

கட்டுமானப் பணியிடங்களில் பாதுகாப்பைக் கவனிப்பதுதான் என் தொழில். அலட்சியம் என்ற பதிலை நான் ஏற்பதில்லை. காலையிலிருந்து வெயிலில் சுமை தூக்கியவருக்கு மாலையில் கால் இடறத்தான் செய்யும். இடறினாலும் உயிர் போகாதபடி இடத்தை ஒழுங்கு செய்திருக்கிறோமா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மாடியின் கான்கிரீட் தளத்தில் பைப்புகள் இறங்குவதற்காக விடும் திறப்பை எடுத்துக்கொள்ளுங்கள். யாரோ அதன்மேல் ஒரு பிளைவுட் பலகையைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். சில நாள் கழித்து வேறு வேலைக்கு வருபவருக்கு அது கீழே கிடக்கும் வெறும் பலகை. குனிந்து இரண்டு கைகளாலும் தூக்குகிறார். பலகை நெஞ்சுக்கு முன்னால் நிமிர்ந்ததும் கால் வைக்கும் இடம் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. அப்படியே ஓர் அடி முன்னால் வைக்கிறார். பல நாடுகளில் பலமுறை இதே விதமாக ஆட்கள் விழுந்து இறந்திருக்கிறார்கள். இதில் எங்கே இருக்கிறது அலட்சியம்? பலகையை நான்கு பக்கமும் அசையாதபடி அடித்து, படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி சிவப்புப் பெயின்ட் பூசியிருந்தால் அவர் அதைத் தொட்டிருக்கவே மாட்டார். அதைவிட நல்ல வழியும் உண்டு. கான்கிரீட் போடும்போதே கம்பிகளைத் திறப்பின் குறுக்கே விட்டுவிடுங்கள். பைப் இறக்கும் நாளில் தேவையான அளவு வெட்டிக்கொள்ளலாம். அதுவரை விழுவதற்கு அங்கே வழியே இல்லை.

எல்லா வேலைக்கும் இதே வரிசையில்தான் யோசிக்க வேண்டும். ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள். உதாரணமாக, உயரத்தில் நின்று பூட்ட வேண்டியதைத் தரையிலேயே பூட்டி மேலே ஏற்றலாம். முடியாவிட்டால் கைப்பிடித் தடுப்பு, வலை. உடம்பில் மாட்டும் கருவிகள் கடைசியில்தான் வரும். நடைமுறையில் பலர் அந்தக் கடைசியிலிருந்து தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

பெல்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெல்ட்டையும் கொக்கியையும் இணைக்கும் கயிறு சுமார் 1.8 மீட்டர். விழும் வேகத்தைத் தாங்கும் பகுதி விரிந்தால் மேலும் ஒரு மீட்டர் வரை நீளும். ஆள் உயரத்தையும் கொஞ்சம் இடைவெளியையும் சேர்த்தால், கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் காலியாக இருக்க வேண்டும். மூன்று மீட்டர் உயரச் சாரத்தில் காலடியில் கொக்கியை மாட்டிவிட்டு நிற்பவர், பெல்ட் பிடிப்பதற்கு முன்பே தரையில் மோதிவிடுவார். கொக்கி தலைக்கு மேலே, உறுதியான இடத்தில் இருக்க வேண்டும். அப்படி மாட்ட இடம் இல்லையென்றால் அங்கே தடுப்புதான் வேண்டும்.

அமெரிக்காவில் 1933 முதல் 1937 வரை கோல்டன் கேட் பாலம் கட்டியபோது அடியில் வலை விரித்திருந்தார்கள். அது 19 பேரைக் காப்பாற்றியது. ஆனால் 1937 பிப்ரவரியில் ஒரு வேலை மேடையே பெயர்ந்து விழுந்து வலையைக் கிழித்தது. 10 பேர் இறந்தார்கள். வலை இருக்கிறது என்று மேடையின் பிடிமானத்தைப் பார்க்காமல் விட முடியாது.

பள்ளம் தோண்டும் வேலையை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. அதுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன் எடைகூட இருக்கும். நெஞ்சுவரை புதைந்தாலே மூச்சு நின்றுவிடும். பக்கங்களைச் சரிவாக வெட்டுங்கள், அல்லது பலகை வைத்து முட்டுக் கொடுங்கள். தோண்டிய மண்ணை விளிம்பில் குவிக்காதீர்கள். மழை பெய்தால் மறுபடி பார்க்காமல் யாரையும் உள்ளே இறக்காதீர்கள். ஒருவர் புதைந்ததும் காப்பாற்ற உள்ளே குதிப்பவர் பல நேரங்களில் இரண்டாவது பலியாகிறார். இதை வேலை தொடங்கும் முன்பே எல்லோரிடமும் சொல்லிவைக்க வேண்டும்.

இன்னொன்று. சாரம் ஆடுகிறது என்பதை முதலில் உணர்பவர் அதன்மேல் நிற்கும் கொத்தனார்தான். உயிருக்கு உடனடி ஆபத்து என்று நம்பக் காரணம் இருந்தால் தொழிலாளி அந்த இடத்தைவிட்டு விலகலாம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1988-ஆம் ஆண்டு 167-ஆம் உடன்படிக்கை சொல்கிறது. சாரம் ஆடுகிறது என்று கொத்தனார் சொன்னதும் வேலையை நிறுத்துங்கள். சாரத்தைச் சரிசெய்யும் நேரத்துக்கும் கூலியைப் பிடிக்காமல் கொடுங்கள். கூலி பேசி வேலையை ஒப்புக்கொள்ளும் மேஸ்திரியிடமும் இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.