எதிர்பாராத ஒரு சந்திப்பு உங்களுக்கு வாய்ப்பாக மாறியது உண்டா?

உண்டு. என் தொழிலே அப்படி அமைந்ததுதான். அதற்கு முன் சி.வி. ராமனுக்குக் கல்கத்தாவில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி சந்திப்புகளில் நாம் எப்போதும் ஒரு பக்கத்தை மட்டுமே பார்க்கிறோம் என்று எனக்கு உறைத்தது அந்தச் சம்பவத்தைப் படித்த பிறகுதான்.

1907. ராமனுக்கு 18 வயது. நிதித்துறைத் தேர்வில் தேறி, கல்கத்தாவில் கணக்குத் துறை அதிகாரியாகச் சேர்ந்திருந்தார். ஒருநாள் ட்ராமில் போகும்போது பவ்பஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகை கண்ணில் பட்டது. 1876இல் மகேந்திரலால் சர்க்கார் என்ற மருத்துவர் தொடங்கிய அறிவியல் சங்கம் அது. ராமன் போய்க் கதவைத் தட்டினார். திறந்தவர் அங்கே வேலை பார்த்த ஆசுதோஷ் டே. அவர் ராமனைச் செயலாளரிடம், அதாவது நிறுவனரின் மகன் அமிர்தலாலிடம் அழைத்துப் போனார். அங்கே கருவிகள் இருந்தன, அவற்றை வைத்து ஆராய்ச்சி செய்யத்தான் ஆள் இல்லை. எப்போது வேண்டுமானாலும் வந்து வேலை செய்யுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஆபீஸுக்குப் போகும் முன் விடிகாலையில், ஆபீஸ் முடிந்து இரவு வரை என்று ராமன் அங்கேயே கிடந்தார். 1928இல் ராமன் விளைவைக் கண்டறிந்தது அந்தச் சங்கத்தில்தான். 1930இல் நோபல் பரிசு.

ராமனிடம் சரக்கு இருந்தது, சந்தேகமில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் படிக்கும்போதே, 1906இல், லண்டன் ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை எழுதியவர். எனக்கு அதைவிடப் பிடித்தது கதவைத் திறந்தவரின் கதை. ஆசுதோஷ் டே கல்லூரிப் பக்கமே போகாதவர். ராமனுக்கு உதவியாளராகப் பல வருடம் கூடவே இருந்தார். பிற்பாடு லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் அவர் பெயரிலேயே ஒரு கட்டுரை வந்தது! அன்றைக்கு வாய்ப்பு இரண்டு பேருக்குமே கிடைத்திருக்கிறது.

இப்போது என் கதை. தாவரவியல் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த சமயம். பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கும்போது கரண்ட் போய்விட்டது. சும்மா நிற்பானேன் என்று பையில் இருந்த ரெக்கார்டு நோட்டை எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். அரளி இலையின் குறுக்குவெட்டுப் படம். இலையின் அடிப்புறம் குழிகுழியாக இருக்கும், அந்தக் குழிகளுக்குள்தான் இலைத்துளைகள், அவற்றைச் சுற்றி மெல்லிய மயிர்கள். ஒவ்வொரு மயிரையும் ஊசிமுனைப் பென்சிலால் வரைந்திருந்தேன்.

பக்கத்தில் நின்ற ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "நீயே வரைஞ்சதாம்மா?" என்று கேட்டார். ஆமாம் மேடம் என்றேன். நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கம் வரை பார்த்தார். கல்லூரிப் பேராசிரியை. முதலாண்டு மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு பாடநூல் எழுதி வைத்திருந்தார். நாளைக்கு வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டார், போனேன்.

அப்படித்தான் பாடப்புத்தகங்களுக்குப் படம் வரைவது என் பிழைப்பானது. இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் உனக்கு அதிர்ஷ்டம் என்கிறார்கள். சரி, இருக்கட்டும். ஆனால் செடியைப் பார்த்து வரையத் தெரிந்த ஆள் கிடைக்காமல் அந்த அம்மாவின் கையெழுத்துப் பிரதி அலமாரியிலேயே கிடந்திருக்கிறது. அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போது அது புத்தகமாகவே வந்துவிட்டது.