ஆச்சியிடம் கேளுங்கள்: ஆறாம் வகுப்புக்கு முந்தின கணக்கு

கேள்வி: ஆச்சிக்கு வணக்கம். நான் பீடி சுற்றுகிறேன், வாரம் ஆயிரம் ரூபாய் போல வரும். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மகள் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். வேனோடு சேர்த்து வருஷத்துக்கு 40,000 ரூபாய். மூன்று வருஷமாக ஜூனில் என் சங்கிலியை அடகு வைத்துத்தான் கட்டுகிறோம், நூற்றுக்கு ஒன்றரை வட்டி. மே மாதம் திருப்பினால் ஜூனில் மறுபடி கடைக்குப் போய்விடும். அரசுப் பள்ளிக்கு மாற்றலாமா என்றால், "சொந்தக்காரன் முகத்துல எப்படி முழிக்கது" என்கிறார். பள்ளியில் 6,000 ரூபாய் பாக்கி வேறு நிற்கிறது, அதைக் கட்டாமல் டி.சி. தரமாட்டார்களாம். சின்னவனையும் வருகிற ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும்.
– பெயர் வேண்டாம், முக்கூடல் பக்கம்

பதில்: தாயி, முதலில் வட்டியைப் போட்டுப் பார். 40,000 ரூபாய்க்கு மாதம் 600. பன்னிரண்டு மாதத்துக்கு 7,200. ஏழு வாரம் நீ இலை வெட்டி, தூள் வைத்து, இடுப்பு ஒடியச் சுற்றின காசு அப்படியே அடகுக்கடைக்குப் போகிறது. அதில் உன் மகள் ஓர் எழுத்துகூடப் படிக்கவில்லை.

மாற்றுவதென்றால் இந்த ஜூனில் மாற்று. எட்டாவதில் பார்த்துக்கொள்ளலாம், பத்தாவதில் பார்த்துக்கொள்ளலாம் என்று இழுக்காதே. அரசு கொடுக்கிற பெரிய சலுகைகள் எல்லாம் ஆறாம் வகுப்பிலிருந்துதான் கணக்கு பார்க்கின்றன. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்கோ பாலிடெக்னிக்குக்கோ போனால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கில் ஏறும். மருத்துவத்தில் 2020 முதலும் இன்ஜினியரிங், சட்டம், வேளாண்மையில் 2021 முதலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கட்டணமும் அரசு பொறுப்பு. உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்த பெண்களுக்கும் இப்போது அந்த 1,000 ரூபாய் உண்டு, ஆனால் 7.5 சதவீதம் அங்கே கிடையாது. இதைத் தெரியாமல், "ரெண்டும் ஒண்ணுதானே டீச்சர்" என்று பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிறகு என்னிடம் வந்து நின்றவர்கள் உண்டு.

முப்பத்தொரு வருஷம் அரசுப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான். ஆனால் என் மகனைத் தனியார் பள்ளியில்தான் சேர்த்தேன். உன் வீட்டுக்காரர் சொன்ன அதே முகம்தான் எனக்கும் அன்றைக்குப் பெரிதாக இருந்தது. அதனால் அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அவரையும் கூட்டிக்கொண்டு ஒரு வேலை நாளில் அந்த அரசுப் பள்ளிக்குப் போ. கணக்குக்கும் அறிவியலுக்கும் ஆள் இருக்கிறார்களா, பெண் பிள்ளைகள் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறதா என்று கேள். கணக்கு டீச்சர் இடம் காலியாகக் கிடந்தால் பக்கத்து ஊர்ப் பள்ளியைப் பார். பஸ் பாஸ் இலவசம்தான்.

டி.சி.க்குப் பயப்படாதே. எட்டாம் வகுப்பு வரை, டி.சி. வரத் தாமதம் என்பதற்காக ஒரு பிள்ளையைச் சேர்க்காமல் இருக்கக்கூடாது என்று 2009-ஆம் வருஷக் கல்வி உரிமைச் சட்டமே சொல்கிறது. தலைமையாசிரியரிடம் தைரியமாகப் பேசு. பாக்கி 6,000 கடன்தான், அதைப் பிறகு மெல்லக் கட்டிவிடு.

சின்னவனை இப்போதே யோசி. அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் ஒதுக்கீடு உண்டு, ஆனால் ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். அக்காவுக்கு அந்தக் கதவு சாத்தியாகிவிட்டது. இவனுக்குத் திறந்திருக்கிறது.

அப்புறம், பீடித் தொழிலாளர் அடையாள அட்டை எடுத்திருக்கிறாயா? இருந்தால் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகைக்கு ஒவ்வொரு வருஷமும் இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆறாம் வகுப்புக்கு 1,500 ரூபாய். நோட்டுக்கும் செருப்புக்கும் ஆகும். சங்கிலியை இந்த மே மாதம் திருப்பினால் கழுத்தில் போட்டுக்கொள். அவசரம் வந்தால் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ வை, அங்கே வட்டி ஏறக்குறைய பாதிதான்.

கேள்வி: பேத்திக்கு ஒன்பது வயது. என் பென்ஷனில் அவளுக்குச் செல்வமகள் கணக்கு தொடங்கலாமா?
– ஒரு தாத்தா, அம்பாசமுத்திரம்

பதில்: பத்து வயது முடியும் முன் தொடங்க வேண்டும், ஓடுங்கள். ஆனால் கணக்கை அவளுடைய அப்பாவோ அம்மாவோ சட்டப்படியான பாதுகாவலரோதான் தொடங்க முடியும். பணத்தை நீங்கள் கொடுங்கள். வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், பதினைந்து வருஷம் கட்ட வேண்டும். ஒன்று கவனியுங்கள் அண்ணாச்சி, முதிர்வு கணக்கு தொடங்கிய நாளிலிருந்து 21 வருஷம். அதாவது பேத்திக்கு 30 வயதாகும்போது. பதினெட்டு வயதானாலோ பத்தாம் வகுப்பு முடித்தாலோ படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். கல்லூரிக்கு அந்தப் பாதியை மட்டும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: நாலாம் வகுப்புப் படிக்கும் மகன் தினமும் 20 ரூபாய் கேட்டு அழுகிறான்.
– ஒரு அம்மா, சேரன்மகாதேவி

பதில்: திங்கட்கிழமை காலையில் மொத்தமாக 50 ரூபாய் கொடுத்துவிடு. செவ்வாய்க்கிழமையே தீர்த்துவிட்டு வருவான். வெள்ளிவரை கொடுக்காதே. மூன்றாவது வாரம் என்ன ஆயிற்று என்று எனக்கு எழுது.