டிராக் டே போகும் ஸ்விஃப்டுக்கு முதலில் எது: எஞ்சினா, பிரேக்கா?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். என்னிடம் 2016-ஆம் ஆண்டு பெட்ரோல் ஸ்விஃப்ட் இருக்கிறது. 2024-இல் தீவுத்திடலைச் சுற்றி நடந்த பார்முலா 4 இரவுப் பந்தயத்தைப் பார்த்ததிலிருந்து டிராக்கில் ஒருமுறையாவது காரை ஓட்டிவிட வேண்டும் என்ற ஆசை. நண்பர்களோடு சேர்ந்து இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் ஒரு டிராக் டேவுக்கு, அதாவது சொந்தக் காரைத் தடத்தில் ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு, பெயர் கொடுத்திருக்கிறேன். கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. கடைக்காரர் எஞ்சின் ரீமேப் (சக்தியைக் கூட்ட எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றுவது), ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், ரேஸ் பேட் மூன்றையும் போடச் சொல்கிறார். மற்ற நாட்களில் இதே காரில்தான் எண்ணூர் விரைவுச் சாலையில் வேலைக்குப் போகிறேன். அம்மாவை ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும் இதில்தான். எதை முதலில் செய்வது?

பதில்: அந்த 40,000 ரூபாயில் ஒரு ரூபாயைக்கூட இப்போது எஞ்சினுக்குச் செலவழிக்க வேண்டாம். பிரேக் ஆயில், பிரேக் பேட், டயர் என்ற வரிசையில் செலவழியுங்கள். கடைக்காரர் சொல்லும் ரேஸ் பேடும் உங்களுக்கு ஆகாது. எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் காலையின் முதல் பிரேக்கைப் பிடிக்கும்போது அது உங்களைக் கைவிடக்கூடும். அதன் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

டிராக்கில் பிரேக் படும் பாட்டை ஒரு கணக்கில் பார்த்துவிடலாம். நீங்களும் பெட்ரோலும் சேர்ந்து உங்கள் ஸ்விஃப்டின் எடை சுமார் 1,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சிக்னலில் நிற்கும்போது பிரேக் ஏறத்தாழ 96 கிலோ ஜூல் ஆற்றலை வெப்பமாக மாற்றுகிறது. டிராக்கில் 130-இல் வந்து வளைவுக்காக 60-க்குக் குறைக்கும்போது, கார் நிற்காவிட்டாலும், அது 513 கிலோ ஜூல் ஆகிறது. அதாவது ஐந்து மடங்குக்கும் மேல். இருங்காட்டுக்கோட்டைத் தடத்தின் ஒரு சுற்று 3.717 கிலோமீட்டர். அதில் இப்படிப் பலமுறை பிரேக் பிடிக்க வேண்டியிருக்கும். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க், அதாவது பேட் கவ்வி நிறுத்தும் தட்டு, ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். முன் சக்கரங்களின் பிரேக்தான் இதில் பெரும்பங்கைச் சுமக்கிறது. பின்னால் இருக்கும் டிரம் பிரேக்குக்கு இந்த வேலையில் பங்கு குறைவு என்பதால், அதைச் சுத்தம் செய்து, ஷூ தேய்மானத்தைப் பார்த்து, சரியாக அட்ஜஸ்ட் செய்தால் போதும். பின்பக்கம் டிஸ்க் மாற்றும் யோசனையை யார் சொன்னாலும் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

இந்த ஆசை வட சென்னைக்குப் புதிதன்று. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வருவதற்கு முன்பு, செங்குன்றத்தைத் தாண்டி சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளத்தில்தான் சென்னையின் பந்தயங்கள் நடந்துவந்தன. நீண்ட ஓடுதளமும் அதன் கோடியில் ஒரு திருப்பமும் என்றால், அங்கேயும் எஞ்சினை விடப் பிரேக்கே பெரிய சோதனையாக இருந்திருக்கும்.

சூடான பிரேக் இரண்டு விதமாகக் கைவிடும். இரண்டையும் காலால் பிரித்தறியத் தெரிந்திருக்க வேண்டும். பெடல் கெட்டியாகவே இருக்கிறது, எவ்வளவு அழுத்தினாலும் கார் நிற்க மறுக்கிறது என்றால் பேட் தன் வெப்ப எல்லையைத் தாண்டிவிட்டது. பேடில் உள்ள பிசின் சூட்டில் சிதைந்து வாயுவாகி, பேடுக்கும் டிஸ்குக்கும் இடையே உராய்வைக் குறைக்கிறது. பெடல் பஞ்சுபோல் அமுங்கி உள்ளே போகிறது, இரண்டு மூன்று முறை வேகமாக மிதித்தால் சற்று மேலே வருகிறது என்றால், பேடை டிஸ்கோடு அழுத்தும் பாகமான காலிப்பருக்குள் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக் குமிழாகிவிட்டது. திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். நீங்கள் கொடுக்கும் அழுத்தமெல்லாம் அந்தக் குமிழைச் சுருக்குவதிலேயே போய்விடுகிறது. முதலாவது வரும்போது பெரும்பாலும் முன்கூட்டியே ஒரு தீய்ந்த வாடையும் பிடிப்புக் குறைவும் தெரியும். இரண்டாவது பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் வரும். அதனால்தான் பேடுக்கு முன்னால் ஆயிலை வைத்தேன்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது; மழைக்காலத்தில் மூடாமல் வைத்த உப்பு ஜாடி நீர் விடுவதைப் போல, ரப்பர் ஹோஸ் வழியாகவும் மூடியின் காற்றுத்துளை வழியாகவும் அது மாதக்கணக்கில் ஈரத்தை வாங்கிக்கொண்டே இருக்கும். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது தர விதி, 3.7 சதவீதம் நீர் கலந்த பின் அது 140-க்கு இறங்கலாம். டாட் 4 என்றால் 230-உம் 155-உம், டாட் 5.1 என்றால் 260-உம் 180-உம். கடலோரத்தில் ஆண்டு முழுவதும் ஈரக்காற்றில் நிற்கும் ஒரு கார், ஆயிலை ஒருமுறைகூட மாற்றாமல் ஓடியிருந்தால், அதில் உள்ளது எந்த ரகமாக இருந்தாலும் அதை நீர் கலந்த பிறகான அந்தக் குறைந்த கொதிநிலையை வைத்தே மதிப்பிடுவேன். உங்கள் காரில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எழுதாததிலிருந்தே அது உங்களுக்கு நினைவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

காரில் உள்ள பிரேக் ஆயில் டப்பாவின் மூடியில் பொறித்திருக்கும் ரகத்தைப் பார்த்து, நல்ல நிறுவனத்தின் டாட் 4 அல்லது டாட் 5.1 ஆயிலை, சீல் உடையாத புட்டியாக ஒரு லிட்டர் வாங்குங்கள். டாட் 5 என்பது சிலிக்கான் ஆயில்; பெயர் ஒட்டி வந்தாலும் அது வேறு சாதி, உங்கள் காரில் ஊற்றவே கூடாது. பட்டறையில் டப்பாவில் இருப்பதை மட்டும் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றி 'மாத்தியாச்சு சார்' என்பார்கள். கொதிப்பது டப்பாவில் அன்று, காலிப்பரில். நான்கு சக்கரங்களிலும் ஆயிலை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்து, தெளிந்த குழாயை மாட்டி, ஒருவர் பெடலை மிதிக்க மற்றவர் நிப்பிளைத் திறந்து மூட, கறுத்த ஆயில் போய்ப் புதிய ஆயிலின் வெளிர்நிறம் குமிழின்றி வரும் வரை அருகில் நின்று பாருங்கள். இடையில் டப்பா வற்றிவிட்டால் காற்று புகுந்துவிடும். ஏபிஎஸ் உள்ள காரில் அந்தக் காற்று யூனிட்டுக்குள் போய்விட்டால் ஸ்கேனர் இல்லாமல் எடுப்பது கடினம். ஆகவே அவசரக்காரரிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

இனி பேட். கம்பெனி பேட் பெரும்பாலும் ஆர்கானிக் வகை. சத்தமின்றி, டிஸ்கைத் தின்னாமல், குளிர்ந்த நிலையிலேயே நன்றாகப் பிடிக்கும், ஆனால் சுமார் 300, 350 டிகிரிக்கு மேல் தளர்ந்துவிடும். ரேஸ் பேட் இதற்கு நேர்மாறு. பந்தய வேகத்தில் டிஸ்க் 500 டிகிரியைத் தாண்டும் சூழலுக்காகச் செய்யப்பட்ட அது, நன்றாகச் சூடேறிய பிறகே தன் பிடிப்பைக் காட்டும். காலை ஏழு மணிக்கு வீட்டிலிருந்து கிளம்பி, சூடேறாத டிஸ்கோடு எண்ணூர் விரைவுச் சாலைக்கு வந்து, முன்னால் போகும் ட்ரெய்லர் திடீரென்று நிற்கும்போது உங்களுக்குத் தேவையானது அந்தக் குளிர்ந்த பிடிப்புதான். போதாக்குறைக்கு ரேஸ் பேட் கீச்சிடும், கரித்தூளை வாரி இறைக்கும், டிஸ்கையும் சீக்கிரம் தேய்க்கும். இரண்டுக்கும் நடுவில், சாலையிலும் ஓட்டலாம், டிராக்கில் சில சுற்றுகளையும் தாங்கும் என்று விற்கப்படும் செமி மெட்டாலிக் அல்லது செராமிக் கலவை பேடுகள் உங்களுக்குப் பொருந்தும். முன் சக்கரங்களுக்கு ஒரு செட் போதும்.

பேடின் ஓரத்தில் நீண்ட எண்ணின் முடிவில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருந்தால் அவற்றைப் படியுங்கள். முதல் எழுத்து சாதாரணச் சூட்டிலும் இரண்டாவது அதிகச் சூட்டிலும் உள்ள உராய்வைக் குறிக்கும்: 'இ' என்றால் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' என்றால் 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' என்றால் 0.45 முதல் 0.55 வரை. இரண்டாவது எழுத்து முதலாவதை விடத் தாழ்ந்திருந்தால் சூடேறச் சூடேறப் பிடிப்பு குறையும் பேட் அது. இந்த எழுத்துகள் தரத்துக்கான சான்று அல்ல. கடையில் இரண்டு பெட்டிகளை ஒப்பிட ஒரு வழி, அவ்வளவே. அட்டைப்பெட்டியைப் பார்த்து ஏமாற வேண்டாம், போலிகள் நிறைய உலவுகின்றன. ரசீது தராத கடையில் எதை வாங்கினாலும் பேடை மட்டும் வாங்காதீர்கள்.

புதிய பேடை மாட்டியவுடன் டிராக்குக்குப் போகக் கூடாது. பேடின் மெல்லிய படலம் டிஸ்க் முழுவதும் சீராகப் படிய வேண்டும். வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில், மீஞ்சூர்ப் பக்கம், விடியற்காலையில் பின்னால் வண்டி வராத நேரமாகப் பார்த்து, 60-இலிருந்து 15 வரை மிதமாகக் குறைத்து, நிறுத்தாமல் மறுபடி வேகமெடுத்து, இதையே பத்து முறை போலச் செய்யுங்கள். பேட் தயாரிப்பாளர் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். முடிந்ததும் பிரேக்கை அதிகம் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான டிஸ்கைப் பேட் கவ்விய நிலையில் காரை நிறுத்தினால், அந்த இடத்தில் மட்டும் பேட் பொருள் திட்டாகப் படிந்து, பிறகு ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் ஸ்டீயரிங் உதறும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று பட்டறையில் சொல்வதில் பெரும்பகுதி இந்தத் திட்டுதான். லேத்தில் கடைவதற்கு முன், டிஸ்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனை வெர்னியர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். கடைந்த பிறகு அதற்குக் கீழே வரும் என்றால் புதிய டிஸ்கே சரி.

உங்கள் பகுதிக்காரர்களுக்கென்று ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோரத் தெருக்களில் நிற்கும் கார்களின் காலிப்பரைக் கழற்றிப் பார்த்தால், ஒரே சக்கரத்தில் உள்பக்கப் பேட் தகடு வரை தேய்ந்திருக்கும், வெளிப்பக்கப் பேட் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும். காலிப்பர் நகர்ந்து இரு பேடையும் சமமாக அழுத்த உதவும் பின்கள் உப்புக்காற்றில் துருவேறி இறுகிவிட்டதே காரணம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் சக்கரம் மூழ்கி நின்ற கார்களில் இது இன்னும் கூடுதலாக இருக்கும். பேட் மாற்றும்போதே அந்தப் பின்களை உருவி, துருவைத் துடைத்து, கிழிந்த ரப்பர் உறையை மாற்றி, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை ஊதவைத்து மறுபடி இறுக்கிவிடும். இதைச் செய்யாமல் எவ்வளவு விலையுயர்ந்த பேடைப் போட்டாலும் பாதிப் பேடுக்கே பணம் கொடுத்தவராவீர்கள்.

டயரைப் பற்றிச் சுருக்கமாக: பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. ஐந்தாறு ஆண்டைத் தாண்டிய டயரோ, வெடிப்பு விட்ட டயரோ என்றால் மீதிப் பணம் அதற்கே. ஒரு முறை அழுத்தி நிறுத்தும் தூரத்தைத் தீர்மானிப்பது கடைசியில் டயரின் பிடிப்புதான். நல்ல பேடும் ஆயிலும் அதையே பத்தாவது முறையும் செய்ய உதவுகின்றன.

ரீமேப்பும் சைலன்சரும் ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், டர்போ இல்லாத 1.2 லிட்டர் எஞ்சினில் ரீமேப் தரும் கூடுதல் சக்தி மிகச் சொற்பம். டர்போ எஞ்சின் என்றால் கதை வேறு. சைலன்சர் சத்தத்தைக் கூட்டும், காவல்துறையின் கவனத்தையும் கூட்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தேய்ந்த பேடையும் டயரையும் அதே அளவில் மாற்றுவது பராமரிப்பில் அடங்கும்.

கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார் என்பதால் காப்பீட்டையும் சொல்லிவிடுகிறேன். தனியார் கார் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்ற பகுதியை எடுத்துப் படியுங்கள். ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குக் காப்பீடு இல்லை என்று அதில் இருக்கும். டிராக்கில் சுவரில் மோதினால் செலவு உங்களுடையது என்று எண்ணிக்கொண்டே ஓட்ட வேண்டும். வேலைக்குப் போகவும் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் வேறு கார் இல்லாத நிலையில், இது சாதாரண விஷயம் அன்று.

அன்றைய தினத்தில் முதல் ஓட்டத்தைச் சில சுற்றுகளோடு முடித்துக்கொள்ளுங்கள். கடைசிச் சுற்றை பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி டிஸ்கை ஆறவிடுங்கள். கார்களை நிறுத்தும் இடமான பேடக்குக்கு வந்ததும் ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் நிறுத்தி, சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வையுங்கள். பெடல் வழக்கத்தைவிட ஒரு விரல் அளவு கீழே போனாலும் அடுத்த ஓட்டத்தை விட்டுவிடுங்கள். கட்டணம் கட்டியாயிற்றே என்று மறுபடி ஏறும் ஆசை எல்லோருக்கும் வரும். அதற்கு இடங்கொடுக்க வேண்டாம். மாலையில் பூந்தமல்லி வழியாக வீடு திரும்பும் முன் வீல் நட்களை டார்க் ரெஞ்சால் சரிபார்த்து, சக்கர இடைவெளி வழியாகப் பேடின் கனத்தைப் பாருங்கள். 3 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால், திங்கட்கிழமை வேலைக்குப் போகும் முன் பழைய கம்பெனி பேடை மாட்டிக்கொள்ளலாம். அதற்காகத்தான் கழற்றிய பேட் நல்ல நிலையில் இருந்தால், எந்தப் பேட் எந்தப் பக்கம் இருந்தது என்று பேனாவால் குறித்து எடுத்து வைக்கச் சொல்கிறேன்.