நாயகியும் அவள் நிழலும்: சித்திரக்கதை கேள்வி பதில்

கேள்வி: என் 24 பக்கச் சித்திரக்கதையின் நாயகி, பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஆலோங்குகளின் (உரிமமில்லாத வட்டிக்காரர்களின்) கணக்குப் புத்தகங்களைத் திருடி எரிப்பவள். கடைசி 8 பக்கங்களில் தன்னைப் போலவே இருக்கும் ஒருத்தியோடு மோதுகிறாள். அவளுக்குக் கறுப்பு உடை, கொடூரச் சிரிப்பு எல்லாம் கொடுத்துவிட்டேன். படித்தவர்களோ, "இன்னொரு வில்லி, அவ்வளவுதானே?" என்கிறார்கள். எதைச் சரிசெய்வது? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: உடையையும் சிரிப்பையும் விடுங்கள். உங்கள் நிழல்காரி, நாயகி கனவிலும் செய்யாத கொடுமைகளைச் செய்கிறாள் போலிருக்கிறது. அப்படியானால் வாசகர் இருவரையும் ஒப்பிட்டே பார்க்க மாட்டார். நாயகி செய்யும் அதே காரியத்தை இவளும் செய்ய வேண்டும்; ஒரே ஒரு படி தாண்டிச் செய்ய வேண்டும். நாயகி புத்தகத்தை எரிக்கிறாள். இவள் எரிக்காமல் வைத்துக்கொண்டு, அதே வீடுகளில் தானே வசூலுக்கு நிற்கட்டும். இதற்கு 5 அல்லது 6-ஆம் பக்கத்திலேயே விதை போடுங்கள்: நெருப்பின் முன் நாயகி புத்தகத்தைப் புரட்டி, ஒரு பெயரில் விரல் வைத்துத் தயங்கும் ஒற்றைக் கட்டம். வசனம் வேண்டாம். பின்னால் நிழல்காரி அதே கோணத்தில் அதே பெயரில் விரல் வைத்தால் வாசகருக்குத் தானாக உறைக்கும்.

அடுத்தது, நாயகியின் ஏதாவது ஒரு பலம் இவளிடம் செல்லுபடியாகக் கூடாது. ஸ்பைடர்மேன் 1984-இல் அணிந்த, உயிருள்ள கறுப்பு உடை, அவன் உதறித் தள்ளிய பிறகு இன்னொருவனோடு சேர்ந்து 1988-இல் வெனம் என்ற வில்லனாகத் திரும்பியது. ஆபத்தை முன்கூட்டியே சொல்லும் அவனுடைய புலன், வெனம் நெருங்கும்போது மட்டும் வாய் திறப்பதில்லை. ஒருகாலத்தில் அவன் உடம்போடு ஒட்டிக் கிடந்ததல்லவா அது! உங்கள் நாயகி சந்துகளில் மறைந்து தப்புகிறவள் என்றால், அந்தச் சந்தின் மறுமுனையில் நிழல்காரி முன்பே வந்து காத்திருக்க வேண்டும்.

அவள் முகம் தெரியும் கட்டம் இரட்டைப்படைப் பக்கத்தில் வரட்டும். ஒற்றைப்படைப் பக்கம் வலது கைப்பக்கம். அதைப் புரட்டினால்தான் இரட்டைப்படை கண்ணில் படும். 17-இல் காலடிச் சத்தம், 18-இன் மேல்பாதியில் முகம். 19-இல் வைத்தால், 18-ஐப் படிக்கும்போதே கண் வலப்பக்கம் ஓடிவிடும். நடுவில் ஒரு பக்க விளம்பரம் புகுந்தாலும் இந்தக் கணக்கு குலையும். விளம்பரத்தைப் பின்னட்டைக்குத் தள்ளிவிடுங்கள்.

கேள்வி: கறுப்பு வெள்ளையில் ஒரே முகம் இரண்டு. யார் யாரென்று குழப்பம் வருகிறதே? (வாசகர், செந்தூல்)

பதில்: இடத்தால் பிரியுங்கள். நாயகி எப்போதும் இடப்பக்கம், மற்றவள் வலப்பக்கம். இருவரையும் இணைக்கும் கற்பனைக் கோட்டுக்கு ஒரே பக்கத்திலிருந்தே பார்வை இருக்க வேண்டும். கோட்டைத் தாண்டினால் இடம் மாறி, வாசகர் தடுமாறுவார். இடம் மாற்றியே தீர வேண்டுமென்றால், மேலிருந்து பார்க்கும் கட்டம் ஒன்றை இடையில் வையுங்கள். வலப்பக்கம் இருப்பவள் முதலில் பேசினால் அவள் வசன பலூனைக் கொஞ்சம் உயரத்தில் போட வேண்டும்.

நாயகியை வரைந்து, கணினியில் புரட்டிப் போட்டு நிழலாக்காதீர்கள். தழும்பும் பை வாரும் பக்கம் மாறி, கண்ணாடிப் பிம்பமாகத்தான் தெரியும். நாயகிக்கு 0.3, 0.5 மில்லிமீட்டர் பேனா, நிழலுக்குத் தூரிகை. பினாங்கு அஞ்சடி (கடைகளின் முன்னால் கூரையோடு ஓடும் நடைபாதை) இதற்கென்றே கட்டியது போல இருக்கிறது: ஒரு பக்கம் தெருவிளக்கு, மறுபக்கம் மூடிய கடை, இடையில் தூண் வரிசை. ஒருத்தி தெருவைப் பார்த்து நின்றால் முகத்தில் வெளிச்சம். எதிரே நிற்பவளுக்கு முதுகில்தான். ஒரே விளக்கு போதும். தலைமுடியிலும் ஒரு வித்தியாசம் வையுங்கள், பின்னலும் விரித்த கூந்தலும் போல. இரண்டு உருவங்களையும் 4 செ.மீ. உயரத்துக்குச் சுருக்கி, முழுக் கறுப்பாக நிரப்பிப் பாருங்கள். அடையாளம் தெரியவில்லையா, வடிவத்தையே மாற்றுங்கள்.

கேள்வி: ஃபோட்டோஷாப்பில் "கொ" உடைகிறது. நிழல் பாத்திரத்தின் கறுப்புப் பலூனில் வெள்ளை எழுத்தும் அச்சில் அடைபடுகிறது. (வாசகி, பிரிக்பீல்ட்ஸ்)

பதில்: யூனிகோட் எழுத்துரு எடுங்கள். பாரகிராஃப் பலகையின் மெனுவில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட் தேர்ந்தால் கொம்பு தன் இடத்தில் நிற்கும். அடைபடுவதற்குக் காரணம், நான்கு மைகளையும் கலந்த கறுப்பின் நடுவே மெல்லிய எழுத்து. ஒரு மைத் தட்டு இம்மி நகர்ந்தாலும் சுழிகள் மூடிக்கொள்ளும். பலூனுக்கு வெறும் கே 100, அதாவது கறுப்பு மை மட்டும் 100 விழுக்காடு, போதும். எழுத்தைத் தடித்ததாக, அரை பாயிண்ட் பெரிதாக வையுங்கள். பக்கம் முழுக்க இருட்டு என்றால் மட்டும் சி (நீலம்) 60, எம் (மெஜந்தா) 40, ஒய் (மஞ்சள்) 40, கே 100. மொத்தம் 240 விழுக்காடு மை. தாள் தாங்குமா என்று அச்சகத்தில் கேட்டுவிட்டு அனுப்புங்கள். கோட்டோவியம் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), ஓரங்களில் வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் கூடுதல்.