கோரஸ் வரும் வரை பொறுங்கள்: மெலோடிக் ராக் கேள்வி பதில்

கடந்த சில வருடங்களில் வந்த ஹார்ட் ராக், மெலோடிக் ராக் ஆல்பங்களைப் பற்றிப் பலர் கேட்ட கேள்விகளுக்கு இங்கே என் பதில்கள். பள்ளி நாள்களில் அண்ணனின் கேசட்டுகளைக் கேட்டுத் தொற்றிக்கொண்ட பழக்கம் எனக்கு இது. கிதார் வாசிக்கத் தெரியாது, கேட்கத் தெரியும்.

கல்லூரி மாணவர், கோவை: அண்ணா, ஹார்ட் ராக் என்றால் புரிகிறது. மெலோடிக் ராக் என்று ஏன் தனியாகப் பிரிக்கிறார்கள்?

ஹார்ட் ராக்கில் பாட்டைத் தாங்குவது கிதார் ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் சின்ன கிதார் துணுக்கு. மெலோடிக் ராக்கில் தாங்குவது பாடகரின் மெட்டு. கிதாரையும் டிரம்ஸையும் எடுத்துவிட்டு ஒருவர் வெறும் ஹார்மோனியம் வைத்துப் பாடினாலும் பாட்டு நிற்கிறதா? நின்றால் அது மெலோடிக் ராக்.

இன்னொன்றும் சொல்கிறேன் தம்பி. நம் சினிமாப் பாட்டில் பல்லவி முதலிலேயே வந்துவிடும். இவர்கள் பல்லவியை ஒளித்து வைப்பார்கள். சரணத்தில் தொடங்கி, நடுவில் நாலு வரி ஏறிக்கொண்டே போகும். அதற்கு பிரீ-கோரஸ் என்று பெயர். அது முடிந்த பிறகுதான் கோரஸ், அதாவது அவர்களுடைய பல்லவி, வெடிக்கும். கோரஸ் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் அந்த நாலு வரியை எப்படி எழுதியிருக்கிறார்கள் என்பதில்தான் ஒரு குழுவின் திறமை தெரியும். புது ஆல்பம் கையில் வந்தால் நான் முதலில் கவனிப்பது அதைத்தான்.

வங்கி ஊழியர், திருச்சி: எண்பதுகளோடு நிறுத்திவிட்டேன். மறுபடி தொடங்க மூன்று ஆல்பங்கள் சொல்லுங்கள் சார்.

ஹீட் குழுவின் 'ஃபோர்ஸ் மஜ்யூர்' (2022), எக்லிப்ஸின் 'வயர்ட்' (2021), நெஸ்டரின் 'டீனேஜ் ரெபெல்' (2024).

இதில் ஹீட் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கென்னி லெக்ரெமோ அவர்களின் முதல் இரண்டு ஆல்பங்களில் பாடிவிட்டு 2010-இல் விலகினார். பத்து வருடம் எரிக் குரொன்வால் பாடினார். ரசிகர்களுக்கு எரிக்தான் ஹீட் என்று ஆகிவிட்டிருந்த நேரத்தில் அவரும் விலக, 2020-இல் பழைய பாடகரையே திரும்பக் கூப்பிட்டார்கள். பாடகர் மாறினால் பாதிக் குழுக்கள் அதோடு படுத்துவிடும். 'ஃபோர்ஸ் மஜ்யூர்' முதல் பாட்டைக் கேட்டபோது எனக்கும் அந்தப் பயம் இருந்தது. மூன்றாவது பாட்டுக்குள் போய்விட்டது. லெக்ரெமோவின் குரல் எரிக்கின் குரலைவிடக் கொஞ்சம் கரடுமுரடு. அதற்கு ஏற்ப கிதாரை முன்னால் கொண்டுவந்திருக்கிறார்கள், கீபோர்டைப் பின்னால் தள்ளியிருக்கிறார்கள். 2025-இல் வந்த 'வெல்கம் டு தி ஃபியூச்சர்' அதைவிட மெட்டு கூடியது. ஆனால் முதலில் 'ஃபோர்ஸ் மஜ்யூர்' கேளுங்கள்.

நெஸ்டர் உங்களுக்காகவே வந்த குழு. 1989-இல் பள்ளிப் பையன்களாகச் சேர்ந்தவர்கள் பிரிந்து, பல வருடம் கழித்து நடுவயதில் மறுபடி கூடி, 2021-இல்தான் முதல் முழு ஆல்பம் போட்டார்கள். எண்பதுகளை அன்போடு நினைத்துப் பாடுகிறார்கள். அந்த அன்பு உண்மையானது என்று குரலிலேயே தெரிகிறது.

அதே நண்பர்: மூன்றுமே சுவீடன் குழுக்களாக இருக்கின்றனவே?

ஆமாம், தெரிந்தேதான் சொன்னேன். இந்த இசையை இன்று உயிரோடு வைத்திருப்பது பெரும்பாலும் அந்த நாடுதான். காரணங்கள் உண்டு.

அங்கே ஊராட்சிகளே இசைப்பள்ளி நடத்துகின்றன. குறைந்த கட்டணத்தில் சின்ன ஊர்ப் பிள்ளைக்கும் கருவி கிடைக்கிறது, வாத்தியார் கிடைக்கிறார். கொஞ்சம் வளர்ந்து குழு அமைத்தால், கல்விச் சங்கங்கள் அரசு மானியத்தோடு ஒத்திகைக்கு இடம் தருகின்றன. அப்புறம் ஊரின் பாரம்பரியம். ஹீட் பிறந்தது ஸ்டாக்ஹோமுக்கு வடக்கே உள்ள உப்லாண்ட்ஸ் வேஸ்பி என்ற சின்ன நகரத்தில். யூரோப் குழு பிறந்ததும் அங்கேதான். பக்கத்துத் தெரு அண்ணன்கள் உலகம் சுற்றி வந்ததைப் பார்த்து வளரும் பையனுக்கு அது எட்டாத கனவாகத் தெரியாது.

மெட்டு விஷயத்தில் என் காது சொல்வது இது: அவர்களுடைய சந்தோஷப் பாட்டிலும் ஒரு ஓரத்தில் சோகம் ஓடும். சுவீடனின் பாப் குழுவான ஆபாவில் இருப்பது அதுதான். எக்லிப்ஸின் எரிக் மோர்டென்சன் எழுதும் பாட்டுகளிலும் அதே இழை. அமெரிக்கக் குழு கோரஸில் கொண்டாட்டம் போடும். சுவீடன் குழு கோரஸில் ஏங்கும்.

மென்பொறியாளர், சென்னை: ஃபிரான்டியர்ஸ் நிறுவனம் மாதம் நாலைந்து ஆல்பம் வெளியிடுகிறது. எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்கிறது. எனக்கு மட்டும்தான் அப்படித் தோன்றுகிறதா?

இல்லை, எனக்கும் தோன்றுகிறது. ஆனால் முதலில் நன்றி சொல்லிவிட வேண்டும். இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்தில் 1996-இல் செராஃபினோ பெருஜினோ தொடங்கிய நிறுவனம் அது. அமெரிக்காவின் ஜர்னி குழுவின் 1983 ஆல்பத்தின் பெயரைத்தான் நிறுவனத்துக்கு வைத்தார். பெரிய நிறுவனங்கள் இந்த இசையைக் கைகழுவிய காலத்தில் பழைய பாடகர்களைத் தேடிப்பிடித்துப் பாடவைத்தவர்கள் இவர்கள். அந்தக் கடன் நம் எல்லோருக்கும் உண்டு.

குறை எங்கே வருகிறது என்றால், 'புராஜெக்ட்' ஆல்பங்களில். ஒரு நாட்டில் பாடகர், இன்னொரு நாட்டில் கிதாரிஸ்ட், பாட்டு எழுதுவது நிறுவனத்தோடு வேலை செய்யும் சில எழுத்தாளர்கள். பாடகர் தன் வீட்டில் பாடிக் கோப்பை அனுப்புவார். வாசித்தவர்கள் ஒரே அறையில் ஒருமுறைகூட நின்றிருக்க மாட்டார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொருவரும் கெட்டிக்காரர். பாட்டிலும் குற்றம் சொல்ல ஒன்றும் இருக்காது. ஆனால் ஒரு வாரம் கழித்து ஒரு மெட்டும் நினைவில் இருக்காது.

நான்கு பேர் வருடக்கணக்கில் ஒரே வேனில் ஊர் ஊராகப் போனால் டிரம்மருக்குப் பாடகர் எங்கே மூச்சு வாங்குவார் என்று தெரிந்துவிடும். அங்கே அவர் கையை நிறுத்துவார். அந்த இடைவெளியைக் கோப்பு அனுப்பிச் செய்ய முடியாது. புது ஆல்பம் வாங்கும்முன் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: இவர்கள் மேடையில் ஏறுகிறார்களா?

விதிவிலக்கு உண்டு. டபிள்யூ.இ.டி. என்ற புராஜெக்ட். வொர்க் ஆஃப் ஆர்ட், எக்லிப்ஸ், டாலிஸ்மன் என்ற மூன்று குழுக்களின் முதல் எழுத்துதான் பெயர். ஜெஃப் ஸ்காட் சோட்டோ பாடுகிறார். கிதாரிஸ்ட் இங்வே மால்ம்ஸ்டீனின் முதல் ஆல்பங்களில் பாடியவர். 2009-இல் தொடங்கி இன்றுவரை அதே முக்கிய ஆள்கள் தொடர்வதால் புராஜெக்ட் மெல்லக் குழுவாக மாறிவிட்டது. 2025-இல் வந்த 'ஏபெக்ஸ்' அதற்குச் சாட்சி.

இல்லத்தரசி, மதுரை: ஜர்னி என் உயிர். 'ஃப்ரீடம்' ஆல்பம் உங்களுக்குப் பிடித்ததா அண்ணா?

பாதி பிடித்தது அம்மா. பதினோரு வருடம் கழித்து 2022-இல் வந்த ஆல்பம். மொத்தம் 15 பாட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம்தான் சுகமாகக் கொள்ளும். அதனால் ஒன்பது பத்துப் பாட்டுக்குமேல் போட முடியாது, சுமாரான பாட்டு தானாக வெளியே போய்விடும். அந்தக் கட்டுப்பாடு போனதும் தேர்ந்தெடுப்பதும் போய்விட்டது. 'ஃப்ரீடம்' ஆல்பத்தில் ஐந்து பாட்டைக் கழித்தால் அருமையான ஆல்பம் கிடைக்கும். நீங்களே கழித்து ஒரு பட்டியல் போட்டுக் கேட்டுப் பாருங்கள்.

ஆர்னெல் பினெடா பற்றி யாராவது குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். மணிலாவில் பாடிக்கொண்டிருந்தவரின் வீடியோக்களை யூடியூபில் பார்த்து 2007-இல் குழுவில் சேர்த்தார்கள். குழுவின் பழைய பாடகர் ஸ்டீவ் பெர்ரி பாடிய இடத்தில் நின்று இத்தனை வருடம் அந்தச் சுதியில் பாடுவது சாதாரணமா?

ஆட்டோ உதிரிபாகக் கடை நடத்துபவர், சேலம்: டெஃப் லெப்பர்ட் குழுவின் ஆல்பம் ஏதாவது சொல்லுங்கள்?

'டயமண்ட் ஸ்டார் ஹேலோஸ்', 2022. இதுவும் நீளம்தான், ஆனால் இங்கே நீளம் உறுத்தவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் ஒவ்வொருவரும் அவரவர் ஊரில் இருந்தபடி பதிவு செய்தது. மேலே நான் கோப்பு அனுப்புவதைத் திட்டினேன் அல்லவா, இவர்களுக்கு அது பொருந்தாது. ஒருவரையொருவர் முப்பது நாற்பது வருடமாக அறிந்தவர்கள் பிரிந்து உட்கார்ந்தாலும் சேர்ந்துதான் வாசிப்பார்கள். இரண்டு பாட்டில் அலிசன் கிராஸ் பாடுகிறார். நாட்டுப்புற இசைப் பாடகியான அவருடைய மெல்லிய குரல் குழுவின் பாடகர் ஜோ எலியட்டின் குரலோடு இவ்வளவு பொருந்தும் என்று நான் நினைக்கவே இல்லை.

பெயர் சொல்ல விரும்பாதவர்: டீப் பர்ப்பிள் இன்னும் தேவையா?

2024-இல் வந்த 'ஈக்வல்ஸ் ஒன்' கேட்டீர்களா? கிதாரிஸ்ட் ஸ்டீவ் மோர்ஸ் போய் சைமன் மெக்பிரைட் வந்த பிறகு குழுவுக்குப் பசி திரும்பியிருக்கிறது. தேவைதான்.

மருத்துவ மாணவி, வேலூர்: நம் நாட்டிலிருந்து இந்த வகையில் யாராவது உண்டா? பெண்கள் பாடும் நல்ல ஆல்பங்களும் சொல்லுங்கள்.

உண்டு, பெருமையாகச் சொல்லலாம். சிக்கிமின் காங்டாக்கிலிருந்து வந்த கிரிஷ் அண்ட் தி கிரானிக்கல்ஸ். கிரிஷ் பிரதான் பாட, தம்பி யோகேஷ் பேஸ் கிதார் வாசிக்கிறார். 2022-இல் 'ஹெயில் டு தி ஹீரோஸ்' ஆல்பத்தை ஃபிரான்டியர்ஸ் வெளியிட்டது. இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பதற்காகப் பாராட்டவில்லை. கண்ணை மூடிக் கேட்டால் கிரிஷின் உச்சஸ்தாயி எந்த நாட்டுப் பாடகருக்கும் குறைந்ததல்ல. அதை மற்றவர்களும் கவனித்துவிட்டார்கள்: டாக்கன் குழுவில் இருந்த ஜார்ஜ் லிஞ்சும் ஜெஃப் பில்சனும் தங்கள் தி எண்ட் மெஷின் குழுவின் 2024 ஆல்பமான 'தி குவாண்டம் ஃபேஸ்' பாட அவரைத்தான் அழைத்தார்கள். வடகிழக்கில் வீட்டுக்கு ஒரு கிதார், ஊருக்கு ஒரு ராக் குழு என்ற பழக்கம் பல தலைமுறையாக இருக்கிறது. அங்கிருந்து இன்னும் பலர் வருவார்கள்.

பெண் குரலுக்கு, வேல்ஸைச் சேர்ந்த ஷே கேன். 'பவர்ஸோன்' (2022) கேளுங்கள். கிரேஸி லிக்ஸ் குழுவின் டேனி ரெக்ஸன் உருவாக்கியது, எண்பதுகளின் ஒலி அப்படியே இருக்கும். கனமாக வேண்டுமென்றால் ஹேல்ஸ்டார்மின் 'எவரெஸ்ட்' (2025). அதன் பாடகி லிஸ்ஸி ஹேலின் குரல் தனி ரகம்.

ஒலிப்பதிவு கற்கும் மாணவர், சென்னை: புது ஆல்பங்களை அரை மணி நேரம் கேட்டாலே காது களைத்துவிடுகிறது. ஏன்?

சத்தப் போட்டிதான் காரணம். டிஜிட்டல் பதிவில் ஒலிக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, அதைத் தாண்ட முடியாது. அதனால் மெல்லிய இடங்களைத் தூக்கி, உயர்ந்த முனைகளைச் சீவி, எல்லாவற்றையும் அந்த வரம்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நெருக்கிவிடுகிறார்கள். டிரம்ஸின் அடி விழும்போது வரவேண்டிய 'டப்' போய், தட்டையான ஒரு 'தட்' மட்டும் மிஞ்சுகிறது. சரணம் மெதுவாக இருந்தால்தானே கோரஸ் பெரிதாகத் தெரியும்? இரண்டும் ஒரே சத்தத்தில் இருந்தால், பாட்டு எழுதியவர் கஷ்டப்பட்டுப் போட்ட அந்த பிரீ-கோரஸ் ஏற்றமே வீண்.

வருத்தம் என்னவென்றால் இன்று இதற்கு அவசியமே இல்லை. ஸ்பாட்டிஃபை போன்ற சேவைகள் எல்லாப் பாட்டையும் ஒரே அளவு சத்தத்துக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. நெருக்கியதால் ஒரு லாபமும் இல்லை, உயிர் போனதுதான் மிச்சம். நீங்கள் நாளை மிக்ஸிங் மேசையில் உட்காரும்போது டிரம்ஸுக்கு மூச்சுவிட இடம் கொடுங்கள் தம்பி.

ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்: ஸ்கிட் ரோவின் புது ஆல்பம் பற்றிச் சொல்லுங்கள்.

'தி கேங்ஸ் ஆல் ஹியர்', 2022. ஹீட்டை விட்டு வந்த எரிக் குரொன்வால்தான் பாடகர். 2021-இல் ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்து, சிகிச்சை பெற்று மீண்டு, மறு வருடமே இந்த ஆல்பத்தில் இந்தச் சுதியில் பாடியிருக்கிறார் ஐயா. உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2024-இல் விலகிவிட்டார். அவர் எடுத்தது சரியான முடிவு. அந்தக் குழுவுக்கு முப்பது வருடத்தில் கிடைத்த சிறந்த ஆல்பம் அது என்பது என் கருத்து.

கல்லூரி மாணவர், கோவை (மறுபடியும்): கோஸ்ட் குழு மெலோடிக் ராக்தானா?

அவர்கள் மேடையில் போடும் முகமூடியை மறந்துவிட்டு 'ஸ்கெலட்டா' (2025) கேளுங்கள். கோரஸ், கீபோர்டு, ஏக்கம் எல்லாம் இருக்கிறது. மெலோடிக் ராக்தான். அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் வேறு பிடித்தது.

நூலகர், திருநெல்வேலி: அண்மையில் உங்களை அழவைத்த ஆல்பம்?

இரண்டு.

நைட் ஃப்ளைட் ஆர்கெஸ்ட்ராவின் கிதாரிஸ்ட் டேவிட் ஆண்டர்சன் 2022-இல் இறந்தார். பாடகர் பியோர்ன் ஸ்ட்ரிட்டோடு சேர்ந்து குழுவைத் தொடங்கியவர். அதற்குப் பின் அவர்கள் போட்ட முதல் ஆல்பம் 2025-இன் 'கிவ் அஸ் தி மூன்'. துக்கத்தைச் சொல்லி அழவில்லை. வழக்கம்போல விமானம், இரவு, தூரத்து நகரம் என்றுதான் பாடுகிறார்கள். அவர் இல்லாத இடம் எனக்கு ஒவ்வொரு பாட்டிலும் கேட்டது.

இன்னொன்று மேக்னம். 1972-இல் பர்மிங்ஹாமில் தொடங்கிய குழு. அத்தனை வருடமும் பாட்டு எழுதியவர் டோனி கிளார்கின், பாடியவர் பாப் கேட்லி. 'ஹியர் கம்ஸ் தி ரெய்ன்' ஆல்பம் 2024 ஜனவரி 12 அன்று வெளிவந்தது. கிளார்கின் ஜனவரி 7 அன்று இறந்துவிட்டார். ஐந்து நாள். எழுபதைக் கடந்த வயதில் கேட்லி பாடிய அந்தப் பாட்டுகள், நண்பன் இல்லாத உலகத்தில் நம் கைக்கு வந்தன. பதிவு செய்தபோது இருவருக்கும் அது தெரியாது. அதனால்தான் அந்த ஆல்பத்தில் விடைபெறும் தொனி எங்கும் இல்லை. அடுத்த ஆல்பத்துக்குத் தயாராக இருப்பவர்களைப் போலத்தான் வாசித்திருக்கிறார்கள்.