இன்டர்ன் பசங்க பாதியில நின்னுடறாங்களா?

திருப்பூர்ல உங்க பனியன் கம்பெனிக்கு வர்ற இன்டர்ன் பசங்க ரெண்டாவது வாரமே நின்னுடறாங்கன்னு எழுதியிருந்தீங்க. பிசிறு வெட்டவும் ஜெராக்ஸ் எடுக்கவும் மட்டும் விட்டா யாரா இருந்தாலும் கிளம்பிடுவாங்கங்க.

அவங்க பொறுப்புல முழுசா ஒரு வேலை கொடுங்க. துவைச்சா துணி எவ்வளவு சுருங்குதுன்னு அளக்கறது நல்ல வேலை. ஒவ்வொரு டையிங் லாட்லயும், அதாவது ஒரே தடவையில சாயம் போட்ட துணி ஒவ்வொண்ணுலயும், நீளவாக்கு, அகலவாக்கு ரெண்டுலயும் 50 சென்டிமீட்டர் குறி போட்டு, துவைச்சு, காயவச்சு, திரும்ப அளக்கணும். 47 வந்தா 6 சதவீதம் சுருக்கம். ஈரத்தோடயோ இழுத்துப் பிடிச்சோ அளந்தா கணக்கு தப்பும், முதல் நாளே செஞ்சு காட்டுங்க. இதையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வரச் சொல்லுங்க, துணி வெட்டற அளவைப் போடற பேட்டர்ன் மாஸ்டருக்கு அது நேராவே உதவும்.

நீங்களே சொல்லித்தர்றேன்னு ஏத்துக்காதீங்க, ஷிப்மென்ட் வாரத்துல நடக்காது. குவாலிட்டி ஆள் ஒருத்தரைப் பொறுப்பா போட்டு, தினம் அரை மணி நேரம் அவர் வேலையைக் குறைச்சுக் கொடுங்க. உதவித்தொகை, பஸ் செலவு, எத்தனை வாரம்ங்கறதை முதல்லயே எழுத்துல கொடுத்துடுங்க.