விளையாட்டுக் கணக்கு தடை செய்யப்பட்டால் எப்படி மேல்முறையீடு செய்வது? சிங்கப்பூரில் யாரிடம் முறையிடலாம்?

கேட்டவர் சொன்னது: கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் மகனுடைய கணக்கில் தடை விழுந்திருக்கிறது. தான் எதுவும் செய்யவில்லை என்கிறான். சப்போர்ட்டுக்கு மூன்று முறை எழுதியாகிவிட்டது, மூன்று முறையும் அச்சடித்தாற்போல ஒரே பதில். கேஸில், அதாவது சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில், புகார் கொடுத்தால் பலன் உண்டா?

நான்காவது முறை எழுதுவதற்கு முன் தடையைப் போட்டது யார் என்று பாருங்கள். பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். ஸ்டீமில் ‘வேக்’ தடை என்று இருந்தால், அது ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் தானாகப் போட்டது. அதை நீக்கும் அதிகாரம் சப்போர்ட் ஊழியருக்குக் கிடையாது. வால்வே தன் உதவிப் பக்கத்தில் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறது. தவறுதலாக விழுந்தது என்று அவர்கள் கண்டுபிடித்தால் தானாகவே நீங்கும். ‘கேம் பேன்’ என்று இருந்தால், விளையாட்டைத் தயாரித்த நிறுவனம் சொல்லிப் போட்ட தடை. முறையீடு அந்த நிறுவனத்தின் சப்போர்ட் பக்கத்துக்குப் போக வேண்டும். ஸ்டீமுக்கு முப்பது முறை எழுதினாலும் அதே பதில்தான் வரும்.

தடையே இல்லாததைத் தடை என்று நினைத்துக்கொள்பவர்களும் உண்டு. ரயட் நிறுவனத்தின் வேலரன்ட் விளையாட்டைத் திறக்கும்போது ‘வேன் 9001’ அல்லது ‘வேன் 9003’ என்று வந்தால் அது தண்டனை இல்லை. விண்டோஸ் 11 கணினியில் டிபிஎம் 2.0 அல்லது செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதி அணைந்திருக்கிறது என்று அர்த்தம். கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்புக்குள் போய் இயக்கினால் சரியாகிவிடும். ‘வேன் 152’ வந்தால்தான் கவலைப்பட வேண்டும்: அது கணினியின் வன்பொருளுக்கே விழுந்த தடை. கரோசெல் இணையச் சந்தையில் பழைய மதர்போர்டு, அதாவது கணினியின் தாய்ப்பலகை, வாங்கியவர்களுக்கு இது வரலாம். முந்தைய உரிமையாளர் செய்த வினை, பலகையோடு சேர்ந்து வந்திருக்கும். அப்படியானால் வாங்கிய தேதி, விற்பனை உரையாடல், பணம் அனுப்பிய பேநவ் பதிவு ஆகியவற்றை இணைத்து ரயட்டுக்கு எழுதலாம். பலகை கைமாறிய தேதி அவர்களிடம் இருக்கும் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க முடியும்.

நிரபராதி உண்மையிலேயே மாட்டுவது உண்டா? உண்டு. ஆனால் பெரும்பாலும் தனியாக மாட்டுவதில்லை, கூட்டமாக மாட்டுகிறார்கள். 2010 ஜூலையில் மாடர்ன் வார்ஃபேர் 2 ஆடிய ஏறத்தாழ 12,000 பேருக்குத் தவறாக வேக் தடை விழுந்தது. ஸ்டீம் தானே புதுப்பித்த ஒரு கோப்பு, வட்டில் ஒரு மாதிரியும் நினைவகத்தில் வேறு மாதிரியும் இருந்ததே காரணம். தடை நீக்கப்பட்டது, ஆளுக்கொரு விளையாட்டும் இலவசமாகக் கொடுத்தார்கள். 2023 அக்டோபரில் கிராபிக்ஸ் சில்லுகளைத் தயாரிக்கும் ஏஎம்டி வெளியிட்ட ‘ஆன்டி-லேக் பிளஸ்’ என்ற டிரைவர் வசதி, கவுன்டர்-ஸ்டிரைக் 2-இன் நிரல் கோப்புக்குள் கை வைத்ததால், அதை இயக்கியவர்களுக்குத் தடை விழுந்தது. ஏஎம்டி அந்த டிரைவரைத் திரும்பப் பெற்றது, வால்வ் தடைகளை நீக்கியது. ஆகவே தடை விழுந்த அன்று என்ன டிரைவர், என்ன மென்பொருள் புதிதாக ஏறியது என்று முதலில் பாருங்கள். அதே வாரத்தில் அதே நிலையில் வேறு பலரும் இருந்தால், அந்தப் பொதுக் காரணம் உங்கள் சொந்த மன்றாட்டைவிடப் பல மடங்கு எடை உள்ளது.

நம் வீடுகளில் அடிக்கடி நடக்கக்கூடிய மற்றொன்று கைத்தொலைபேசி எண். அப்பாவின் ஒரே எண்ணை அண்ணன், தம்பி இருவர் கணக்கிலும் இணைத்திருப்போம். ஒரு கணக்கில் வேக் தடை விழுந்தால், அந்த நேரத்தில் அதே எண் இணைந்திருந்த மற்றக் கணக்குகளுக்கும் விழும். விளையாட்டுகளைக் குடும்பத்துக்குள் பகிரும் ஸ்டீம் ஃபேமிலிஸிலும் இப்படித்தான்: உங்கள் பிரதியை எடுத்து ஆடிய குடும்ப உறுப்பினர் ஏமாற்றி மாட்டினால், உங்களுக்கும் அந்த விளையாட்டில் தடை. மகன் “நான் செய்யல” என்பது முழு உண்மையாகவே இருக்கலாம். தம்பியையும் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆனால் “தம்பிதான் செய்தான்” என்று முறையீட்டில் எழுதினால் அது தற்காப்பு ஆகாது. கணக்கில் நடப்பதற்கெல்லாம் கணக்குக்காரரே பொறுப்பு என்றுதான் எல்லா ஒப்பந்தங்களும் சொல்கின்றன. தேசிய சேவைக்குத் தெக்கோங் போன பையன், ரேங்க் இறங்காமல் இருக்க நண்பனிடம் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டுப் போவதும் இதே கதைதான். கணக்குப் பகிர்வு பெரும்பாலான விளையாட்டுகளில் தனிக் குற்றம்.

கைபேசி விளையாட்டுகளில் பிரச்சினை பெரும்பாலும் மலிவு டைமண்டில், அதாவது விளையாட்டுக்குள் செலவழிக்கும் நாணயத்தில், தொடங்கும். பாதி விலைக்கு விற்பவர் கூகுள் பிளேயில் வாங்கிக் கொடுத்துவிட்டு, பிறகு பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்வார். உங்கள் கணக்கில் டைமண்ட் எண்ணிக்கை மைனஸில் போகும், அடுத்து கணக்கு முடங்கும். இதற்கு வாதாட்டம் உதவாது. பற்றாக்குறையைக் கட்டித் தீர்க்க வழி இருக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். அதேபோல, கோபத்தில் வங்கியைக் கூப்பிட்டு அட்டைக் கட்டணத்தைத் தகராறு செய்து திரும்பப் பெறாதீர்கள். ஒரு விளையாட்டில் இருந்த தடை முழுக் கணக்கின் பூட்டாக மாறிவிடும்.

இனி கடிதம். ஆங்கிலத்தில் எழுதுங்கள், 150 முதல் 200 சொற்கள் போதும். படிப்பவருக்கு உங்கள் மகன் நல்ல பையனா என்று சரிபார்க்க வழியில்லை; ஒரு நேரத்தையும் ஓர் உள்நுழைவு இடத்தையும் சரிபார்க்க வழி இருக்கிறது. அவர் சரிபார்க்கக்கூடியதை மட்டும் கொடுங்கள்.

பட்டப்பெயர் போதாது, எண் வேண்டும். ஸ்டீமில் 7656119 என்று தொடங்கும் 17 இலக்க எண். மொபைல் லெஜண்ட்ஸில் அடையாள எண்ணும் அதையடுத்து அடைப்புக்குறிக்குள் வரும் சர்வர் எண்ணும். ஃப்ரீ ஃபயரில் யுஐடி. பிறகு தடைத் திரையில் இருந்த வாசகம் ஒரு எழுத்து மாறாமல், திரைப்பிடிப்போடு. நேரத்தை யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள், அதாவது நம் நேரத்திலிருந்து 8 மணி நேரத்தைக் குறைத்து. சிங்கப்பூரில் சனி அதிகாலை 2 மணி என்றால் அவர்கள் பதிவில் வெள்ளி மாலை 6 மணி. இதில் தேதியே மாறிவிடுவதால், “அன்று கணக்கில் யாரும் ஆடவே இல்லையே” என்று அவர்கள் சொல்லும் வாய்ப்பைக் கொடுக்காதீர்கள்.

கணக்கு களவு போன வழக்கில் கடிதத்தின் உடல் இப்படி இருக்கலாம்:

“என் கணக்கு எண் இது. வெள்ளி 18:00 யுடிசிக்கு விழுந்த தடையை மறுபரிசீலனை செய்யக் கேட்கிறேன். அன்று 14:10-க்கு, நான் வசிக்காத நாட்டிலிருந்து ஓர் உள்நுழைவு நடந்திருக்கிறது. உள்நுழைவு வரலாற்றின் படம் இணைப்பில். 14:25-க்குக் கடவுச்சொல் மாற்றப்பட்டதாக மின்னஞ்சல் வந்தது. 20:40-க்குக் கணக்கை மீட்டு, இரு படி உறுதிப்பாட்டை இயக்கினேன். இடைப்பட்ட நேரத்தில் ஆடிய ஆட்டங்களின் உள்நுழைவு இடத்தை என் வழக்கமான இடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.”

இதில் கெஞ்சல் இல்லை, மிரட்டல் இல்லை, எத்தனை வெள்ளி செலவழித்தோம் என்ற கணக்கும் இல்லை. கடைசியில் ஒரே ஒரு குறிப்பான கோரிக்கை. உரிமையை நிரூபிக்க முதல் கொள்முதல் ரசீதை வையுங்கள்; கூகுள் பிளே என்றால் ‘ஜிபிஏ’ என்று தொடங்கும் ஆர்டர் எண். அட்டை எண்ணில் கடைசி 4 இலக்கம் போதும். அடையாள அட்டை கேட்டால் அடையாள எண்ணை மறைத்துவிட்டு அனுப்ப முடியுமா என்று முதலில் கேளுங்கள். பெற்றோர் எழுதும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது: ஸ்டீம் கணக்குக்குக் குறைந்தபட்ச வயது 13. “என் 11 வயது மகன்” என்று தொடங்கினால், தடையைப் பற்றிய பேச்சே முடிந்துவிடும்.

ஒரே விஷயத்துக்குப் புதிது புதிதாக டிக்கெட், அதாவது சப்போர்ட் கோரிக்கை, போடாதீர்கள். பழைய டிக்கெட்டிலேயே, புதிய ஆதாரம் கிடைத்தால் மட்டும், பதில் எழுதுங்கள். ஆதாரம் ஏதும் இல்லை, பையன் விசைகளைத் தானாக அழுத்தும் ஏதோ ஒரு மேக்ரோவைத் தெரிந்தே ஓட்டியிருக்கிறான் என்றால், பொய் சொல்வதைவிட ஒப்புக்கொண்டு எழுதுவது மேல். தற்காலிகத் தடையைச் சில நிறுவனங்கள் குறைக்கின்றன. வேக் தடைக்கு அதுவும் கிடையாது.

கேஸ்: இங்கே கடை வைத்திருக்கும் வணிகரோடுள்ள சச்சரவுக்கு உதவும். உள்ளூரில் டாப்-அப் விற்ற கடை ஏமாற்றியிருந்தால் போங்கள். வெளிநாட்டு நிறுவனம் போட்ட தடையை நீக்கச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஸ்மால் கிளெய்ம்ஸ் எனப்படும் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வெள்ளி வரை விசாரிக்கும். 2 ஆண்டுக்குள் பதிய வேண்டும், 5,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டுவது 10 வெள்ளி. தடை விழுந்த பலகையை மறைத்து விற்ற கரோசெல் ஆள்மீது இது பொருந்தும். வால்வ்மீது போவதென்றால், அவர்கள் 2024 செப்டம்பரில் மாற்றிய ஒப்பந்தப்படி வழக்கு வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுன்ட்டி நீதிமன்றத்துக்கு. விமான டிக்கெட் காசுக்கே பத்து கணக்கு வாங்கலாம்.

உண்மையில் கைகொடுக்கக்கூடியது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம். 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்கீழ், உங்களைப் பற்றிய தரவை ஒரு நிறுவனத்திடம் கேட்கலாம். 30 நாளுக்குள் தர வேண்டும், முடியாவிட்டால் எப்போது தருவோம் என்றாவது சொல்ல வேண்டும்; நியாயமான கட்டணம் கேட்கலாம். எந்த மென்பொருளைப் பார்த்துப் பிடித்தார்கள் என்பது கிடைக்காது, வணிக ரகசியம் என்று மறுக்க சட்டத்தில் இடமிருக்கிறது. உள்நுழைவுப் பதிவும் கொள்முதல் பதிவும் கேளுங்கள். களவு போன வழக்கில் அதுதான் தேவை. இங்கே அலுவலகம் உள்ள நிறுவனத்திடம் கேட்பது எளிது. ஃப்ரீ ஃபயரின் கரீனா சிங்கப்பூர் நிறுவனமே. ஐரோப்பிய டிஜிட்டல் சேவைச் சட்டத்தை மேற்கோள் காட்டும் மாதிரிக் கடிதங்கள் இணையத்தில் நிறையச் சுற்றுகின்றன. இங்கே வசிப்பவர் அதை ஒட்டி அனுப்பினால், கடிதத்தைப் படிக்காமல் நகலெடுத்தார் என்பது மட்டும்தான் தெரியும்.

டெலிகிராமில் “80 வெள்ளிக்குத் தடை நீக்கித் தருகிறோம்” என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள், கடவுச்சொல்லை அறவே கொடுக்காதீர்கள். டிஸ்கார்டில் “உங்கள் கணக்கைத் தவறுதலாகப் புகார் செய்துவிட்டேன், இந்த ஸ்டீம் அதிகாரியிடம் பேசுங்கள்” என்று வருவதும் பழைய தூண்டில்; ஸ்டீம் ஊழியர் யாரும் டிஸ்கார்டில் பேச மாட்டார்கள். மகன் ஏற்கெனவே அனுப்பிவிட்டான் என்றால் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள், சந்தேகத்துக்கு ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799 இருக்கிறது. அதன் பிறகு கடவுச்சொல்லை மாற்றி, மற்ற எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுங்கள். தடை நீங்கும்வரை அந்தக் கணக்கோடு இணைந்த தொலைபேசி எண்ணை மட்டும் மாற்ற வேண்டாம். உரிமையை நிரூபிக்க அது தேவைப்படும்.